மெத்தென்ற ஜப்பானிய சீஸ்கேக்: வீட்டு ஓவனுக்கு எந்த வழி ஒத்துவரும்?

ஜப்பானிய சீஸ்கேக்குக்குச் செய்முறை தேடிப் போனால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பார். இன்னொருவர் 200 டிகிரியில் தொடங்கி 110-க்கு இறக்கச் சொல்வார். டின்னை வெந்நீருக்குள் வைத்தே ஆக வேண்டும் என்பார் ஒருவர். கீழ்த்தட்டில் தண்ணீர் இருந்தாலே போதும் என்பார் மற்றவர். வெள்ளைக்கருவை எவ்வளவு கெட்டியாக அடிப்பது, வெந்தபின் ஓவனிலேயே ஆறவிடுவதா வெளியே எடுப்பதா, எல்லாவற்றிலும் இதே கதை. இத்தனைக்கும் பொருட்கள் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான்: க்ரீம் சீஸ், பால், வெண்ணெய், முட்டை, கொஞ்சம் மாவு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு.

பேக்கிங் பவுடர் இதில் கிடையாது. கேக் எழும்புவது வெள்ளைக்கருவுக்குள் நாம் அடித்து ஏற்றும் காற்றாலும், கலவையிலிருக்கும் நீர் சூட்டில் ஆவியாவதாலும் மட்டுமே. அந்தக் காற்றைத் தாங்கிப் பிடிக்க மாவும் மிகக் குறைவு. ஆகவே வெள்ளைக்கருவை எதுவரை அடிக்கிறோம், கேக்குக்குச் சூடு எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற இரண்டு இடங்களில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. மற்றத் தேர்வுகளில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் நல்ல கேக் கிடைத்துவிடும். இந்த இரண்டுக்கும் மட்டும் அதிக இடம் கொடுத்து எழுதுகிறேன்.

எந்த சீஸ்கேக், எப்போது சாப்பிட?

ஜப்பானில் சீஸ்கேக்கை மூன்றாகப் பிரிப்பார்கள். ஓவனே இல்லாமல் ஜெலட்டின் போட்டு ஃப்ரிட்ஜில் உறையவைக்கும் 'ரேர்' வகை, அடர்த்தியாகச் சுட்ட 'பேக்ட்' வகை, அப்புறம் நாம் பேசும் 'சூஃப்ளே' வகை. கோபே நகரத்து மொரோசோஃப் நிறுவனம் 1969-இல் விற்கத் தொடங்கிய டென்மார்க் க்ரீம் சீஸ்கேக் இரண்டாம் வகை. தட்டினால் குலுங்குகிற, வீடியோக்களில் எல்லோரும் பார்த்திருக்கிற கேக்கை விற்பது ஒசாகாவின் ரிகுரோ ஓஜிசான் கடை. ஒரு தொகுதி வெந்து வெளியே வந்ததும் மணி அடிப்பார்கள். மேலே சிரிக்கும் சமையல்காரர் முகத்தைச் சூட்டு முத்திரையாகப் பதிப்பார்கள். அடியில் உலர் திராட்சை இருக்கும். ஃபுகுவோகாவில் பிறந்த அங்கிள் டெட்சு கடை இதே வகையை வெளிநாடுகளுக்கும் கொண்டு போனது. 2015-இல் டொரொன்டோவில் அவர்கள் கடை திறந்தபோது தெருவில் நீண்ட வரிசை நின்றது.

வீட்டில் செய்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இதைச் சூடாகச் சாப்பிடப் போகிறோமா, குளிரவைத்தா என்பதுதான். இரண்டும் ஒரே கேக் போல இருக்காது. ஓவனிலிருந்து வந்த அரைமணி நேரத்துக்குள் சாப்பிட்டால் நுரை நுரையாக, வாயில் வைத்ததும் கரைந்துபோகும். முட்டை மணம் தூக்கலாக இருக்கும், சீஸ் சுவை பின்னால்தான் வரும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால் வெண்ணெயும் சீஸும் இறுகிக் கேக் சற்று அடங்கும். குலுக்கல் போய்விடும், ஆனால் சீஸின் புளிப்பும் பால்சுவையும் தெளிவாக எழும். விருந்தினர் வரும் நேரம் உறுதியாகத் தெரியாது என்றால் குளிர்ந்த கேக்கையே திட்டமிடுங்கள். ஓரத்தில் சிறிய வெடிப்பு இருந்தாலும் குளிர்ந்தபின் கண்ணில் படாது. நான் இரண்டாம் நாள் கேக்கின் பக்கம். குலுங்கும் கேக்கைப் பார்க்கத்தான் ஆசை என்றால், எல்லோரும் உட்கார்ந்தபிறகு ஓவனைத் திறக்கும்படி நேரத்தைக் கணக்கிடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரிலும் வாணலியிலும் சூஃப்ளே வகையைச் செய்து பார்க்க வேண்டாம். அதற்கு நாலு பக்கமும் மிதமான உலர்ந்த சூடும் மேல்புறம் பொன்னிறமாக ஒரு தோலும் வேண்டும். ரேர் வகை செய்யுங்கள், தோல்வி என்பதே அதில் அபூர்வம். அல்லது ஜப்பானிய பேக்கரிகளிலும் கடைகளிலும் கிடைக்கும் சீஸ் சேர்த்த ஆவிக் கேக்கைச் செய்யலாம். அது பேக்கிங் பவுடரில் எழும்பும். இட்லிப் பாத்திரத்திலேயே அருமையாக வரும். ஓவன் இருந்தும் சூஃப்ளே வகைக்குத் தயங்குபவர்களுக்கு, கருகிய மேல்பகுதியுடன் வரும் பாஸ்க் சீஸ்கேக் இன்னொரு வழி. அது ஸ்பெயினின் சான் செபஸ்தியானிலிருந்து வந்தது. 2019-இல் ஜப்பானின் லாசன் கடைகள் 'பாஸ்ச்சி' என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும் அங்கே பெரிய மோகமானது. முட்டை அடிக்கும் வேலையே இல்லை, அதிகச் சூட்டில் அரைமணி நேரம்தான். முதல் முறை சீஸ்கேக் செய்பவருக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

வெள்ளைக்கரு: கெட்டியா, தளர்வா?

அடிக்க அடிக்க வெள்ளைக்கரு மூன்று நிலைகளைக் கடக்கும். முதலில் பீட்டரை, அதாவது முட்டை அடிக்கும் கருவியை, தூக்கினால் நுனி தொங்கிக் கீழே சாயும். பிறகு நுனி மட்டும் மெல்ல வளைந்து நிற்கும். கடைசியில் ஆணியடித்ததுபோல் நேராக நிற்கும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது.

பழைய கேக் புத்தகங்கள் எல்லாம் மூன்றாவது நிலையைக் கேட்கும். காற்று அதிகம் ஏறினால் கேக் அதிகம் எழும்பும் என்பது காரணம். ஸ்பாஞ்ச் கேக்குக்குச் சரி, அதில் மாவு இருக்கிறது. இங்கே அப்படி அடித்தால் இரண்டு சிக்கல். கெட்டியான நுரை சீஸ் கலவையோடு எளிதில் சேராது. வெள்ளை வெள்ளையாகக் கட்டி நிற்கும். அதை உடைக்க நாம் கூடுதலாகக் கலக்குவோம். அதற்குள் ஏற்றிய காற்றில் பாதி போய்விடும். தப்பித்து ஓவனுக்குள் போனாலும் கேக் சட்டென்று எழும்பும், தோல் இறுகியபிறகும் உள்ளே விரிந்துகொண்டே இருக்கும், கடைசியில் நடுவில் பிளந்துவிடும். ஆறும்போது அதே வேகத்தில் அமுங்கும்.

தொங்குகிற முதல் நிலை பாதுகாப்பானது, கேக் வெடிக்காது. ஆனால் உயரம் குறையும். அதைவிடவும் தளர்வாக விட்டால் கனமான சீஸ் கலவை கீழே இறங்கி, அடியில் ஒரு விரல் தடிமனுக்கு ஈரமான அடர்ந்த அடுக்கு உட்கார்ந்துவிடும்.

என் தேர்வு முதல் இரண்டுக்கும் நடுவே. பீட்டரைத் தூக்கினால் நுனி வளைந்து தலை குனிய வேண்டும். கிண்ணத்தைச் சாய்த்தால் நுரை பளபளப்பாக மொத்தமாக, சோம்பலாக நகர வேண்டும். "இன்னும் ஒரு நிமிடம் அடித்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். பார்க்கப் போதாதது போலிருக்கும், ஆனால் ஓவனில் அது போதும்.

குமிழியின் அளவும் முக்கியம். பீட்டரை உச்ச வேகத்தில் வைத்தால் சீக்கிரம் நுரைக்கும், ஆனால் குமிழிகள் பெரிதாகவும் சமமில்லாமலும் இருக்கும். பெரியவை ஓவனில் முதலில் உடையும். நடுத்தர வேகத்தில் அடித்து, கடைசி ஒரு நிமிடம் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் நுரை நெருக்கமாகிவிடும். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியிலேயே இருக்கும் வெள்ளைக்கரு மெதுவாகத்தான் நுரைக்கும், ஆனால் அந்த நுரை மெல்லியதாகவும் உறுதியாகவும் நிற்கும். வெயில் காலத்தில் 34, 35 டிகிரி சமையலறையில் வேலை செய்பவர்களுக்கு இது நேரடியான உதவி. பிரித்த வெள்ளைக்கருவைக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். மஞ்சள்கரு குளிராக இருக்கும்போது உடையாமல் பிரியும் என்பதால் முட்டையை வெளியே எடுத்த உடனே பிரித்துவிடலாம்.

சர்க்கரையை முதலிலேயே கொட்டினால் நுரை வர நெடுநேரம் ஆகும். கடைசியில் போட்டால் கரையாது. நுரைக்கத் தொடங்கியதும் மூன்று தடவையாகச் சேர்ப்பதே நல்லது. நம் கடைச் சர்க்கரை பெருமணி. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சுகரில் ஸ்டார்ச் சேர்ந்திருக்கும், அது வேண்டாம். க்ரீம் ஆஃப் டார்டார், வினிகர், எலுமிச்சைச் சாறு மூன்றும் செய்வது ஒரே வேலை. அமிலம் நுரையை நிலைநிறுத்துகிறது. இதற்காக அலைய வேண்டியதில்லை, எலுமிச்சை போதும். ஆனால் மஞ்சள்கருவின் ஒரு சொட்டும் எண்ணெய்ப் பசையும் நுரையைக் கெடுக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கழுவியபிறகும் பசை தங்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

எதில் அடிப்பது என்றால் கையில் பிடிக்கும் மின்சார பீட்டர்தான். பெரிய ஸ்டாண்ட் மிக்ஸரில் ஐந்து முட்டை வெள்ளை கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லை தாண்டிவிடும். கையாலேயே அடிக்க முடியும், ஆனால் தோள் விட்டுப்போகும்.

கலக்கும்போது சீஸ் கலவை கைபொறுக்கும் வெதுவெதுப்பில் இருப்பது நல்லது. குளிர்ந்து இறுகிவிட்டால் நுரை அதில் கலக்காமல் தனித்தனியாக மிதக்கும். அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால் நுரையை உருக்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு நுரையைப் போட்டுத் தயங்காமல் கலக்கி இளக்குங்கள். மீதியை இரண்டு தடவையாக, அடியிலிருந்து மேலே அள்ளி மடித்துச் சேருங்கள். சிலிகான் கரண்டியைவிடக் கம்பி விஸ்க் இதற்குச் சிறந்தது என்பது என் அனுபவம். அதன் கம்பிகளுக்கு நடுவே நுரைக்கட்டி தானாக உடைகிறது, சுற்றவேண்டிய தடவை குறைகிறது.

சூடு எந்த வழியாகப் போகிறது

முட்டை வெள்ளை 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கி 80 டிகிரியில் முழுதாக இறுகிவிடும். இந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால் நுரைச் சுவர்கள் நிதானமாக உறையும், கேக் எழும்பிய இடத்தில் நிற்கும். வேகமாகக் கடந்தால் ஓரம் உறைந்து நடு கொந்தளிக்கும். வெந்நீரில் வைப்பது இதற்காகத்தான். ஓவன் 150 டிகிரியில் இருந்தாலும் திறந்த தட்டிலுள்ள தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கொதிநிலையைக்கூட எட்டாது. டின்னின் அடியும் தண்ணீருக்குள் இருக்கும் பக்கமும் அந்தச் சூட்டை மீறிப் போகவே வழியில்லை.

டின்னைத் தண்ணீருக்குள்ளேயே வைப்பது, தண்ணீர்த் தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து டின்னை மேல் அடுக்கில் வைப்பது, தண்ணீரே இல்லாமல் சுடுவது என்று மூன்று வழி இருக்கிறது. மூன்றாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதில் ஆவி மேல்தோலை ஈரமாக வைத்திருக்கும், கேக் சற்று உயரமாகவும் எழும்பும். ஆனால் பக்கங்களுக்கும் அடிக்கும் ஓவனின் முழுச் சூடும் படும். சூட்டைத் துல்லியமாகப் பிடித்து நிறுத்தும் பெரிய ஓவன் இருந்தால் அந்த வழி சரி. வீட்டு ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கேக் உணராமல் தடுப்பது டின்னைச் சுற்றியுள்ள தண்ணீர்தான். ஆகவே முதல் வழி.

அந்தத் தண்ணீரும் கொதிக்கக் கூடாது, பச்சைத் தண்ணீராகவும் இருக்கக் கூடாது. குளிர்ந்த நீரில் வைத்தால் அடிப்பாகம் உறைய நேரமாகும். அதற்குள் சீஸ் கீழே படிந்துவிடும். கொதிநீரில் அடி முதலில் இறுகிவிடும். 60, 70 டிகிரி நல்லது, அதாவது விரலை வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு. இரண்டு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஓடிஜியில் சூடேற்றும் கீழ்க்கம்பி மிகவும் நெருக்கமாக இருந்தால் தண்ணீர்த் தட்டில் டின்னுக்கு அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்து, முழுதும் நீரில் மூழ்கும்படி போடுங்கள்.

இனி எத்தனை டிகிரி என்ற கேள்வி. 200 டிகிரியில் கால்மணி நேரம் வைத்து மேல்தோலைச் சிவக்கவிட்டு, பிறகு 110, 120-க்கு இறக்கும் முறையில் நிறம் அழகாக வரும். கடை கேக்கின் பழுப்பு நிறமும் வழவழப்பும் வேண்டும் என்பவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் நாம் குறைத்த உடனே ஓவனில் சூடு இறங்க வேண்டும். ஓடிஜியின் கம்பிகளும் சுவரும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கதவைத் திறந்து ஆற்றினால் கேக் அமுங்கும். தொடக்கம் முதல் 120 டிகிரியிலேயே ஒன்றரை மணி நேரம் சுட்டால் வெடிப்பு அநேகமாக வராது. நிறம் மட்டும் வெளிறி இருக்கும், கடைசிப் பத்து நிமிடம் சூட்டை ஏற்றி அதைச் சரிக்கட்டலாம். நடுவழியாக 150 டிகிரியில் 60 முதல் 70 நிமிடம்.

பழகாத ஓவன் என்றால் முதல் தடவை 120-இல் தொடங்குங்கள். கேக் எழும்பி நிற்பதைப் பார்த்தபின் அடுத்த தடவை 140, 150 என்று கூட்டலாம். நிறத்துக்காக மென்மையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. 200-இல் தொடங்கும் முறையை, தன் ஓவனை உள்ளங்கை போலத் தெரிந்தவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

ஓடிஜி, கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ், சுவரில் பதித்த ஓவன் மூன்றில் எது என்றால், இருப்பதை வைத்துச் செய்யலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எச்சரிக்கை. ஓடிஜியில் உயரம்தான் பிரச்சினை. தண்ணீர்த் தட்டு, டின், எழும்பும் கேக் எல்லாம் சேர்ந்தால் மேல்கம்பிக்கு அருகில் போய்விடும். 20 லிட்டருக்குக் கீழான ஓடிஜியில் 15 சென்டிமீட்டர் டின்னைத் தாண்ட வேண்டாம். தட்டைக் கீழ் அடுக்கில் வைத்து, கீழ்க்கம்பியை மட்டும் ஓடவிட்டு, கடைசி கால்மணி நேரம் இரண்டு கம்பிகளையும் போடுங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் விசிறியை நிறுத்த முடியாது. காற்று நேராக மேல்தோலில் அடித்துச் சீக்கிரம் உலர்த்திவிடும். சொன்ன சூட்டில் 15, 20 டிகிரி குறைத்து வையுங்கள், முதல் அரைமணிக்குப் பின் அலுமினியத் தாளை மேலே தொடாமல் கூரை போலப் போடுங்கள். சுவர் ஓவனில் விசிறி இல்லாத முறையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் அதுதான் மூன்றிலும் சுலபம். ஏர் ஃபிரையரில் சிறு கிண்ணங்களில் செய்யலாம், முழுக் கேக் வேண்டாம்.

எந்த ஓவனாக இருந்தாலும், உள்ளே தொங்கவிடும் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஓவனின் திருகு குமிழில் 150 என்றிருக்கும்போது உள்ளே 175 இருக்கும் ஓவன்கள் ஏராளம். விலை உயர்ந்த சீஸுக்கும் டின்னுக்கும் செலவிடுவதற்கு முன் இந்தச் சின்னக் கருவிக்குச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

டின்னும் தாளும்

பக்கம் கழற்றும் ஸ்பிரிங்ஃபார்ம் டின்னில் கேக்கை எடுப்பது எளிது, ஆனால் தண்ணீர் புகும். எத்தனை அலுமினியத் தாள் சுற்றினாலும் ஒரு மடிப்பு கிழிந்தால் அடி சொதசொதவென்றாகிவிடும். இந்த டின்தான் இருக்கிறது என்றால் அதை ஒரு பெரிய டின்னுக்குள் இறக்கி, அந்தப் பெரிய டின்னைத் தண்ணீரில் வையுங்கள். இடையிலுள்ள காற்று சூட்டைத் தாமதப்படுத்தும், வேக இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் கூடுதலாகும். புதிதாக வாங்குபவர்கள் ஒரே துண்டான, வெளிர் நிற, 7 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள அலுமினிய டின் வாங்குங்கள். கருப்பு நான்ஸ்டிக் டின் சூட்டை அதிகம் இழுத்து ஓரத்தைச் சிவக்கவைக்கும்.

பக்கங்களில் தாள் போடாமல் விட்டால் கேக் சுவரைப் பிடித்து ஏறும் என்று ஷிஃபான் கேக் பழக்கத்தில் சிலர் சொல்வதுண்டு. ஷிஃபான் கேக்கை டின்னோடு கவிழ்த்து ஆறவைப்பார்கள், அதனால் அங்கே அது சரி. சீஸ்கேக் ஆறும்போது உள்நோக்கிச் சுருங்கியே தீரும். ஒரு பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே கிழியும். வெண்ணெய் தடவி, பட்டர் பேப்பரைச் சுற்றிலும் டின்னைவிட மூன்று சென்டிமீட்டர் உயரமாக ஒட்டுங்கள். தாளில் மடிப்பு விழுந்தால் அது கேக்கிலும் கோடாக விழும்.

முட்டையை எடைபோடுங்கள்

ஜப்பானியச் செய்முறையை அப்படியே பின்பற்றியும் கேக் எழவில்லை என்பவர்கள் முட்டையின் அளவைப் பார்க்க வேண்டும். அங்கே 'எம்' அளவு முட்டை 58 முதல் 64 கிராம், 'எல்' அளவு 64 முதல் 70 கிராம். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 50 கிராமைச் சுற்றித்தான். முட்டையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு வெள்ளைக்கரு. 'எல்' அளவில் நாலு முட்டை என்று அங்கே எழுதியிருந்தால் 160 கிராம் வெள்ளைக்கரு கிடைக்கும். நாம் நாலு போட்டால் 120 கிராம்தான். கேக்கைத் தூக்கிப்பிடிக்கும் பொருளில் கால்வாசி காணாமல் போய்விடுகிறது. ஐந்து முட்டை போட வேண்டும்.

க்ரீம் சீஸில் கட்டியாக வரும் வகையும் டப்பாவில் வரும் ஸ்ப்ரெட் வகையும் உண்டு. அமெரிக்க விதிப்படி க்ரீம் சீஸ் என்றால் குறைந்தது 33 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும், ஈரம் 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரொட்டியில் தடவ வசதியாக இருக்கும் ஸ்ப்ரெட்டில் ஈரம் கூடுதல். கட்டி கிடைக்காவிட்டால் ஸ்ப்ரெட்டையே எடுத்து, பாலில் 20, 30 மில்லியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பூண்டு, மூலிகை சேர்த்த வகை மாறி வந்துவிடாமல் லேபிளைப் பாருங்கள். பன்னீரை அரைத்துப் போடுவது, துணியில் கட்டிய தயிரைப் போடுவது இரண்டையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். பன்னீர் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் மணல்போல ஒரு நெறுநெறுப்பு நிற்கும். கட்டித் தயிர் பரவாயில்லை, ஆனால் கொழுப்பு குறைவு, புளிப்பு அதிகம். பாதி க்ரீம் சீஸ், பாதி கட்டித் தயிர் வரை போகலாம். முழுக்கத் தயிர் என்றால் வேறு செய்முறையே வேண்டும்.

மாவில் பெரிய விவாதம் தேவையில்லை. கேக் மாவில் புரதம் குறைவு, மைதாவில் சற்று அதிகம். மைதாவில் கால்பங்கு கார்ன்ஃப்ளார் கலந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. கார்ன்ஃப்ளாரை மட்டும் போட்டால் இன்னும் மென்மையாக இருக்கும், ஆனால் நறுக்கும்போது உதிரும். வெண்ணெய் உப்பில்லாததாக இருக்கட்டும்.

நான் செய்யும் அளவு

18 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு க்ரீம் சீஸ் 200 கிராம், பால் 80 மில்லி, வெண்ணெய் 40 கிராம், ஐம்பது கிராமுக்குச் சற்று மேலான முட்டை 5, மைதா 45 கிராம், கார்ன்ஃப்ளார் 15 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், எலுமிச்சைச் சாறு மொத்தம் மூன்று டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. 15 சென்டிமீட்டர் டின் என்றால் எல்லாவற்றையும் மூன்றில் இரண்டு பங்காக எடுத்துக்கொள்ளலாம்; முட்டை மூன்று பெரியதாகப் பாருங்கள்.

ஓவனையும் தண்ணீரையும் முதலில் சூடாக்கிவிடுங்கள். நுரை தயாரானபின் காத்திருக்க முடியாது. சீஸ், பால், வெண்ணெயை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். இறக்கிச் சற்று ஆறியதும் மஞ்சள்கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து, உப்பும் இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் விட்டு, மாவுகளைச் சலித்துப் போட்டுக் கலந்து, மொத்தத்தையும் வடிகட்டுங்கள். வடிகட்டுவதை விடாதீர்கள், சிறு மாவுக்கட்டிகூட வெந்தபின் கேக்கில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வெள்ளைக்கருவை மீதி ஒரு டீஸ்பூன் சாற்றோடு அடிக்கத் தொடங்கி, சர்க்கரையை மூன்று பங்காகச் சேர்த்து, முன்பு சொன்ன இடத்தில் நிறுத்தி, மடித்துக் கலந்து டின்னில் ஊற்றுங்கள். ஒரு குச்சியால் கோலம்போல் ஒரு சுற்று சுற்றி, டின்னை மேடையில் இரண்டு முறை தட்டினால் பெரிய குமிழிகள் மேலே வந்து உடையும்.

வெந்ததை அறிய நடுவில் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். விரல் எடுத்ததும் மேலெழுந்தால் ஆயிற்று. டின்னை அசைத்தால் கேக் மொத்தமாக ஆட வேண்டும். நடுப்பகுதி மட்டும் அலையடித்தால் இன்னும் பத்து நிமிடம். குச்சி விட்டுப் பார்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறவிடும் விதத்திலும் இரண்டு கட்சி. டின்னை வெளியே எடுத்து உடனே மேடையில் ஒருமுறை ஓங்கித் தட்டினால் உள்ளிருக்கும் சூடான ஆவி வெளியேறிச் சுருக்கம் குறையும் என்பது ஒன்று. காஸ்டெல்லா என்ற ஜப்பானிய ஸ்பாஞ்ச் கேக் போன்ற மாவு அதிகமான கேக்கில் இது நன்றாக வேலை செய்கிறது. இங்கே துணிச்சல் வேண்டும். ஓவனை அணைத்து, கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, 20 நிமிடம் உள்ளேயே விடுவது மற்றது. குளிர்ந்த கேக் வேண்டும் என்றால் இதுதான் வழி. சூடாகப் பரிமாறப் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். எப்படிச் செய்தாலும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கத்தான் செய்யும், அது இயல்பு.

டின் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், முழுதும் ஆறினால் அடி ஒட்டும். மேலே பட்டர் பேப்பரும் தட்டும் வைத்துக் கவிழ்த்து, டின்னை உருவி, அடித்தாளை உரித்து, இன்னொரு தட்டால் நிமிர்த்துங்கள். கவிழ்க்கப் பயமாக இருந்தால் ஊற்றுவதற்கு முன்பே டின்னுக்குள் இரண்டு நீளத் தாள் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வைத்து, அவற்றைப் பிடித்துத் தூக்கலாம். பளபளப்பு வேண்டும் என்றால் ஆப்ரிகாட் ஜாமில் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்து மேலே பூசலாம்.

நறுக்கும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து ஒரே இழுப்பில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி துடையுங்கள். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும். பக்கத்தில் வெங்காயமோ மீனோ இருந்தால் கேக் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும், மூடியை இறுக்கமாகப் போடுங்கள். குளிர்ந்த துண்டை மறுபடி மென்மையாக்க மைக்ரோவேவில் பத்து, பதினைந்து விநாடி போதும்.